நெடுந்தூர லாரிக்குப் பேட்டரியா, ஹைட்ரஜனா: ஆராயத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

நெடுந்தூரச் சரக்கு லாரியில் டீசலுக்கு மாற்று எது என்று தேட ஆரம்பித்தால், முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு கட்சிகள் கண்ணில் படும். பேட்டரி லாரி தன் பேட்டரியைச் சுமப்பதற்கே சரியாக இருக்கும், சரக்கை எங்கே ஏற்றுவது என்று ஒரு கட்சி கேட்கும். ஹைட்ரஜன் என்பது நல்ல மின்சாரத்தைப் பாழடிக்கும் வேலை என்று மற்றது ஒரே வரியில் முடித்துவிடும். இரண்டு பக்கமும் எண்கள் கொட்டிக் கிடக்கும். ஒரு பக்கத்து எண்ணை மறுபக்கத்து எண்ணோடு வைத்துப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது.

ப்ராஜெக்ட் எடுக்கப்போகும் பொறியியல் மாணவர், லாரி ஆபீஸ் வைத்திருக்கும் குடும்பத்தின் அடுத்த தலைமுறை, இதைப் பற்றி எழுத நினைக்கும் பத்திரிகையாளர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிளஸ் டூ இயற்பியலும் ஒரு எக்ஸெல் தாளும் போதும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐரோப்பியச் சாலைகளைப் பொறுத்தவரை இன்றைய கணக்கில் பேட்டரி முந்திவிட்டது. இதை நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்களே போட்டுப் பாருங்கள். வேறு சாலை, வேறு சரக்கு என்றால் விடை மாறலாம்.

1. ஒரு வழித்தடத்தையும் ஓட்டுநரின் ஒரு நாளையும் பிடியுங்கள்

'நெடுந்தூர லாரி' என்று பொதுவாகப் பேசினால் விடையும் பொதுவாகத்தான் வரும். இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை டன், சராசரி வேகம் என்ன, ஓட்டுநர் எங்கே நிறுத்துகிறார், எங்கே தூங்குகிறார், ரிட்டர்ன் லோடு உண்டா, காலியாகத் திரும்புகிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பழகிப் பார்க்க ஐரோப்பா வசதியான இடம். அங்கே ஓட்டுநரின் நேரத்தைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் இதையெல்லாம் பதிவு செய்துகொண்டே வரும். ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் கனரக லாரிக்கு வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ. ஆக, ஒரே மூச்சில் அதிகபட்சம் 360 கி.மீ., நாள் முழுக்க 720 கி.மீ. 'ஒரு சார்ஜில் ஆயிரம் கிலோமீட்டர் போகுமா?' என்ற கேள்வி இங்கேயே அடிபட்டுப் போகிறது. 360 ஓடியதும் வண்டி எப்படியும் நின்றாக வேண்டும்.

இந்தியாவில் இது அப்படியே பொருந்தாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம் என்கிறது. சாலையில் நடப்பது வேறு. நாமக்கல்லிலிருந்து வடக்கே கிளம்பும் டிரெய்லரில் இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ராத்திரி பகலாக ஓட்டுவதும் உண்டு. ஜெர்மன் அறிக்கையின் முடிவை எடுத்து நம் சாலையில் ஒட்டவைப்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

2. சக்கரத்தில் எவ்வளவு ஆற்றல் வேண்டும்?

மற்ற எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. அரை மணி நேர வேலை. ஆனால் இதைச் செய்யாமலேயே ஐம்பது பக்க அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சமதளத்தில் சீரான வேகத்தில் போகும் லாரியை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயரின் உருளல் எதிர்ப்பு. எடையை ஈர்ப்பு முடுக்கத்தாலும் டயரின் குணகத்தாலும் பெருக்க வேண்டும். 40 டன் வண்டி, நல்ல டயர், நல்ல சாலை என்றால் குணகம் 0.0055 என்று வைக்கலாம். 40,000 × 9.81 × 0.0055 என்பது சுமார் 2,160 நியூட்டன்.

இன்னொன்று காற்று. காற்றின் அடர்த்தியில் பாதி, வண்டி காற்றுக்குக் காட்டும் பரப்பு (இழுவைக் குணகத்தையும் சேர்த்து ஐரோப்பிய டிராக்டர் டிரெய்லருக்கு, அதாவது தலைவண்டியும் அது இழுக்கும் டிரெய்லரும் சேர்ந்ததற்கு, 5.5 சதுர மீட்டர் என்று வைப்போம்), வேகத்தின் வர்க்கம், இவை மூன்றின் பெருக்கல். 80 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 22.2 மீட்டர். 0.5 × 1.2 × 5.5 × 22.2 × 22.2 என்று போட்டால் சுமார் 1,630 நியூட்டன்.

இரண்டும் சேர்ந்து 3,790 நியூட்டன். இந்த விசையோடு ஒரு கிலோமீட்டர் போக 3.79 மெகாஜூல் வேண்டும். 3.6 மெகாஜூல் ஒரு கிலோவாட் மணி, அதாவது நம் மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட். ஆக, சக்கரத்தில் கிலோமீட்டருக்கு 1.05 யூனிட். மோட்டார், இன்வெர்ட்டர், கியர் எல்லாவற்றிலும் சேர்ந்து ஒரு 12 சதவீதம் போகும் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியது 1.2 யூனிட்.

இப்போது இதைச் சந்தையில் இருக்கும் வண்டிகளோடு ஒப்பிடுங்கள். மெர்சிடிஸ் இஆக்ட்ரோஸ் 600 வண்டியில் 621 யூனிட் பேட்டரி, 500 கி.மீ. ஓடும் என்கிறார்கள். வகுத்தால் 1.24. டெஸ்லா செமி லாரி மைலுக்கு 2 யூனிட்டுக்கும் குறைவு என்கிறது, அதாவது கிலோமீட்டருக்கு 1.24க்குள். நாம் தாளில் போட்ட கணக்கு இவற்றுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. இனி யாராவது 'முழு லோடில் 0.7 யூனிட்தான் ஆகும்' என்று சொன்னால், எந்த வேகத்தில், எந்த எடையில் என்று தயங்காமல் கேட்கலாம்.

டீசலையும் இதே தராசில் வையுங்கள். லிட்டருக்குச் சுமார் 10 யூனிட் ஆற்றல். 100 கி.மீ.க்கு 30 லிட்டர் குடித்தால் 300 யூனிட். சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது 105. மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் வெப்பமாகப் போகிறது.

எண்களை மாற்றி விளையாடிப் பாருங்கள். வேகம் 80இலிருந்து 90 ஆனால் காற்றின் இழுவை 27 சதவீதம் கூடும். இந்தியாவில் டிரெய்லர்களுக்கு அனுமதிக்கப்படும் உச்ச எடையான 55 டன்னையும் 60 கி.மீ. வேகத்தையும் போட்டால், உருளல் 2,970 நியூட்டனுக்கு ஏறும், காற்று 920க்கு இறங்கும். நம் வண்டிகளில் டயர்க் காற்றையும் சாலையின் தரத்தையும் கவனித்தால் கிடைக்கும் லாபம் கேபின் மேல் காற்றைத் திருப்பிவிட வைக்கும் டிஃப்ளெக்டரில் கிடைக்காது என்பது இதிலிருந்தே தெரியும். நம் சாலையும் டயரும் பாடியும் நான் எடுத்த குணகங்களைவிட மோசமாகவே இருக்கும். 55 டன்னுக்குக் கிலோமீட்டருக்கு 1.5 யூனிட் என்று வைத்துத் தொடங்குவது பாதுகாப்பு.

மேடு தனிக் கணக்கு. 40 டன்னை 100 மீட்டர் உயரம் ஏற்ற 11 யூனிட் ஆகும். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து பிரென்னர் கணவாய்க்கு ஏறும் லாரி சுமார் 800 மீட்டர் ஏறுகிறது. 87 யூனிட் அதற்கே சரி. சென்னை பெங்களூரு வழியில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் ஏறுகிறோம். 55 டன் வண்டிக்கு 135 யூனிட் கூடுதல், வெறும் ஏற்றத்துக்கு மட்டும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி இதில் நல்ல பங்கைத் திருப்பித் தரும். மேட்டின் உச்சியில் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வருவதை வாங்க இடம் இருக்காது. அதனால் சார்ஜர் மலைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். தொப்பூர் கணவாயில் பிரேக் புகைய இறங்கும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு, மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துவதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

3. பேட்டரியை ஓட்டுநரின் நாளோடு பொருத்துங்கள்

முதல் படியில் எழுதிய நாளையும் இரண்டாம் படியின் 1.2 யூனிட்டையும் சேருங்கள். 720 கி.மீ.க்கு 864 யூனிட் வேண்டும். ராத்திரி நிறுத்தும் இடத்தில் நிரப்பி, காலையில் 600 யூனிட்டோடு கிளம்புகிறோம். பத்து சதவீதம், அதாவது 60 யூனிட்டைக் கைக்காவலாக வைத்துக்கொள்வோம். பகல் ஓய்வில் ஏற்ற வேண்டியது 324 யூனிட். 45 நிமிடத்தில் வண்டியைக் கொண்டு நிறுத்தி வயர் மாட்ட ஐந்து நிமிடம் போனால், 40 நிமிடத்தில் 324 யூனிட் ஏற்றச் சராசரியாக 486 கிலோவாட் வேண்டும்.

இன்று சாலையோரம் இருக்கும் 350, 400 கிலோவாட் சிசிஎஸ் சார்ஜர் (மின் கார்களும் பயன்படுத்தும் இணைப்பு வகை) கொஞ்சம் பற்றாது. மெகாவாட் சார்ஜிங் என்று தனி இணைப்பு ஏன் வந்தது என்பதற்கு விடை இந்த இடைவெளிதான். அந்தத் தர வரையறை 1,250 வோல்ட், 3,000 ஆம்பியர் வரை, அதாவது 3.75 மெகாவாட் வரை போகிறது. 2022 ஜூனில் ஆஸ்லோவில் அறிமுகப்படுத்தினார்கள். இஆக்ட்ரோஸ் 600 சுமார் ஒரு மெகாவாட்டில் 20இலிருந்து 80 சதவீதத்துக்கு அரை மணி நேரத்தில் ஏறும் என்கிறது தயாரிப்பாளர் தரும் தகவல்.

சார்ஜர் இருக்குமா என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2030க்குள் முதன்மைப் பெருவழிகளில் 60 கி.மீ.க்கு ஒரு லாரி சார்ஜிங் நிலையம், ஒவ்வொன்றிலும் 3,600 கிலோவாட் இருக்க வேண்டும். சட்டம் சொல்வதை எக்ஸெல் தாளின் ஒரு பத்தியிலும் (நெடுவரிசையிலும்), இன்று அந்த வழியில் எத்தனை இருக்கிறது என்பதை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதும் அறிக்கைகள் நிறைய.

வரைபடத்தில் புள்ளி இருந்தால் மட்டும் போதாது. ஐரோப்பிய டிராக்டர் டிரெய்லர் பதினாறரை மீட்டர் நீளம். கார்களுக்காகக் கட்டிய சார்ஜரில் அது நுழையாது. ஓட்டுநர் இறங்கி, டிரெய்லரின் கால்களைச் சுழற்றி இறக்கி, ஏர் ஹோஸையும் மின் வயரையும் கழற்றி, டிரெய்லரைத் தலைவண்டியோடு பிணைக்கும் கிங்பின் பூட்டை விடுவித்து, டிரெய்லரை எங்கோ ஓரம் கட்டிவிட்டுத் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். இந்த வேலை நடக்கும் நேரம் சட்டப்படி ஓய்வாகவும் சேராது. ஆகவே, வழித்தடத்தில் உள்ள சார்ஜர்களைக் குறிக்கும்போது 'டிரெய்லரோடு உள்ளே போய் வெளியே வர முடியுமா' என்று ஒரு பத்தியைச் சேர்த்துவிடுங்கள். மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

4. ஹைட்ரஜனைப் பின்னோக்கி நடந்து பாருங்கள்

எரிபொருள் செல் லாரியும் மின் லாரிதான். சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராகும்போது வரும் மின்சாரம் அதை ஓட்டுகிறது. கூடவே ஓரளவு பெரிய பேட்டரியும் இருக்கும்; ஏற்றத்தில் கைகொடுக்கவும், இறக்கத்தில் திரும்பி வருவதை வாங்கவும் அது வேண்டும். இதை அறியாமல் 'பேட்டரி வேண்டாத லாரி' என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு குழப்பம். 2023 பிப்ரவரியில் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் காட்டிய ஹைட்ரஜன் லாரி, ஹைட்ரஜனை எஞ்சினுக்குள்ளேயே எரிப்பது. அதில் எரிபொருள் செல் கிடையாது. 2025 மார்ச்சில் டாடா மோட்டார்ஸ் தொடங்கிய 16 லாரிச் சோதனை ஓட்டத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. செய்தியில் 'ஹைட்ரஜன் லாரி' என்று பார்த்தால் எந்த வகை என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

கணக்குக்கு வருவோம். கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் வேண்டும். உள்ளே போகும் ஆற்றலில் பாதியைத்தான் செல் மின்சாரமாக்குகிறது என்றால் 2.4 யூனிட் ஹைட்ரஜன் உள்ளே போக வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33.3 யூனிட். ஆக, 100 கி.மீ.க்கு 7.2 கிலோ. 2023 செப்டம்பரில் மெர்சிடிஸ் லாரிகளைத் தயாரிக்கும் டைம்லரின் ஜென்ஹெச்2 லாரி, 40 டன் எடையோடு, 80 கிலோ திரவ ஹைட்ரஜன் கொள்ளும் தொட்டியை ஒருமுறை நிரப்பிக்கொண்டு வோர்த்திலிருந்து பெர்லின் வரை 1,047 கி.மீ. ஓடியது. வகுத்தால் 100 கி.மீ.க்குச் சுமார் 7.6 கிலோ. இங்கும் தாளும் சாலையும் ஒத்துப்போகின்றன. 7.5 என்று வைத்துக்கொள்வோம்.

இனி அந்த 7.5 கிலோ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 55 யூனிட். மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க இன்னும் ஒரு 10 யூனிட். மொத்தம் 490 யூனிட் அளவுக்குப் போகிறது. அதே 100 கி.மீ.க்குப் பேட்டரி லாரிக்கு, சார்ஜிங்கிலும் கம்பியிலும் போகும் இழப்பைச் சேர்த்தாலும் 135. மூன்றரை மடங்கு வித்தியாசம். ஹைட்ரஜன் கட்சிக்காரர்கள் இதை மறுப்பதில்லை. 'மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில், மலிவான நாட்டில் தயாரிப்போம்' என்பது அவர்கள் பதில். அது நியாயமான பதில்தான். ஆனால் அது விலைக் கேள்வி, அடுத்துவரும் படியில் அதை எண்ணாக மாற்ற வேண்டும்.

கரியமில வாயுவையும் இங்கேயே முடித்துவிடலாம். 100 கி.மீ.க்கு 30 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 80 கிலோ. இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜன், கிலோவுக்குப் பத்துக் கிலோ அளவில் வாயுவை வெளியிடும். 7.5 கிலோவுக்கு 75. புகைக்குழாய் சுத்தம், மிச்சமானது ஒன்றுமில்லை. இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல். 135 யூனிட்டுக்கு 95 கிலோவைத் தாண்டும். அதாவது இன்றைய நம் தொகுப்பு மின்சாரத்தில் பேட்டரி லாரியும் டீசலைவிடச் சுத்தம் என்று சொல்ல முடியாது. அதே மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்தால் 340 கிலோ. காற்றாலை, சூரிய மின்சாரத்தை எங்கிருந்து, எந்த நேரத்தில் வாங்குகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் 'பூஜ்ஜிய மாசு' என்று எழுத முடியாது.

5. எடையும் இடமும்

600 யூனிட் பேட்டரி நாலரை டன் அளவில் வரும். எஞ்சின், கியர்பாக்ஸ், டீசல் டேங்க் போனதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் மாசில்லா லாரிக்கு 2 டன் வரை கூடுதல் எடைச் சலுகை உண்டு. அதையும் கழித்தால் மிஞ்சும் இழப்பு பயமுறுத்தும் அளவில் இருக்காது. உங்கள் சரக்கு என்ன என்று பாருங்கள். பஞ்சு, பிஸ்கட், பார்சல் என்றால் எடை நிறையும் முன்பே இடம் நிறைந்துவிடும், பேட்டரியின் எடை ஒரு பொருட்டே அல்ல. சிமென்ட், இரும்புக் கம்பி என்றால் ஒவ்வொரு டன்னும் வாடகை.

ஹைட்ரஜனுக்கு எடையைவிட இடம்தான் சிக்கல். 700 பார், அதாவது வளிமண்டலத்தைப் போல் சுமார் 700 மடங்கு அழுத்தத்தில்கூட ஒரு கன மீட்டரில் 40 கிலோதான் அடங்கும். கேபினுக்குப் பின்னால் அடுக்கடுக்காகத் தொட்டி நிற்பது அதனால்தான்.

6. பணம்

எண்களைக் கொண்டுவந்து கொட்டும் முன், ஈடாகும் விலை எது என்று கண்டுபிடியுங்கள். டீசல் லிட்டர் ஒன்றரை யூரோ என்று வைத்தால் 30 லிட்டருக்கு 45 யூரோ. அதே 100 கி.மீ.க்கு 7.5 கிலோ ஹைட்ரஜன். கிலோ 6 யூரோவுக்குக் கிடைத்தால்தான் எரிபொருள் செலவு டீசலோடு சமம். மின்சாரம், கம்பியில் போகும் இழப்பை விட்டுவிட்டால், 130 யூனிட், ஆகவே யூனிட் 34 சென்ட் வரை தாங்கும். இப்போது சந்தையைப் பாருங்கள். ஜெர்மனியில் கார்களுக்கான ஹைட்ரஜன் பல ஆண்டுகள் கிலோ 9.50 யூரோவுக்கு விற்று, 2022இல் அதையும் தாண்டியது. சொந்த டெப்போவில் இரவில் ஏற்றும் மின்சாரமும், சாலையோர அதிவேக சார்ஜரின் மின்சாரமும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதனால் இரண்டையும் சராசரி ஆக்காமல், எத்தனை யூனிட் எங்கே ஏற்றுகிறோம் என்று பிரித்துப் போடுங்கள்.

வண்டியின் கூடுதல் விலையை ஓடும் கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 1,20,000 கி.மீ. வீதம் ஐந்து ஆண்டு ஓடும் வண்டிக்கு 1,20,000 யூரோ கூடுதல் விலை என்றால், கிலோமீட்டருக்கு 20 சென்ட். ஆண்டுக்கு 50,000 மட்டுமே ஓடினால் 48 சென்ட். வண்டி நிற்காமல் ஓடினால்தான் மின் லாரிக்குப் போட்ட பணம் திரும்பும். வட்டியை மறக்காதீர்கள். பழைய வண்டியாக விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு எந்தச் சந்தையிலும் இன்னும் நீண்ட வரலாறு இல்லை. அதனால் ஒருமுறை பூஜ்ஜியம் என்று போட்டும் பாருங்கள்.

அரசின் கை எங்கெல்லாம் இருக்கிறது என்பதைத் தனியே எழுதுங்கள். ஜெர்மனி 2023 டிசம்பரில் லாரிச் சுங்கத்தில் கரியமில வாயுவுக்கான கட்டணத்தைச் சேர்த்தது. அதன்பின் பெரிய டீசல் லாரி கிலோமீட்டருக்கு 30 சென்ட்டுக்கு மேல் சுங்கம் கட்டுகிறது, மாசில்லா லாரிக்கு விலக்கு. அந்த விலக்கு ஒன்றே டீசல் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வருகிறது. 2020 முதல் சுவிட்சர்லாந்தில் ஓடும் ஹூண்டாயின் எக்ஸியன்ட் எரிபொருள் செல் லாரிகளின் கதையும் இதுதான்: அந்த நாட்டின் கனரக வாகனக் கட்டணத்திலிருந்து விலக்கு, ஓடும் கிலோமீட்டருக்கு மட்டும் காசு என்ற வாடகை முறை, பக்கத்திலேயே நீர்மின்சாரத்தில் தயாரான ஹைட்ரஜன். இந்த மூன்றையும் எடுத்துவிட்டு லாரியை மட்டும் வேறு நாட்டில் வைத்தால் அதே வெற்றி வராது. இந்தியாவில் 2025 ஜூலையில் வெளியான பிஎம் இ-டிரைவ் விதிமுறைகளில் மின் லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் மானியம், பழைய டீசல் லாரியைக் கழித்துக்கட்டிய சான்றிதழ் வேண்டும் என்ற நிபந்தனையோடு. மானியத்தோடு ஒரு பத்தி, இல்லாமல் ஒரு பத்தி என்று இரண்டு முறை கணக்குப் போடுங்கள்.

7. கிடைக்கும் தகவலைச் சலித்தெடுங்கள்

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எந்த வகை என்று எழுதும் பழக்கம் வேண்டும்: விளம்பரத்தில் சொன்னதா, கணினியில் கணித்ததா, சோதனை ஓட்டத்தில் அளந்ததா, வாடகைக்கு ஓடும் வண்டியில் அளந்ததா. கடைசி வகைக்குத்தான் முதல் மரியாதை. அமெரிக்காவின் நாக்ஃபி அமைப்பு 'ரன் ஆன் லெஸ்' என்ற பெயரில், வேலையில் இருக்கும் லாரிகளின் அன்றாட ஓட்டத்தைப் பதிவு செய்து பொதுவில் வைக்கிறது. 2023இல் நடந்த சுற்றில் பெப்சிகோவின் டெஸ்லா செமிகளும் இருந்தன. கணினிக் கணிப்புக்கு ஐரோப்பிய ஆணையத்தின் வெக்டோ மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அறிவிப்பை வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. டெஸ்லா செமியைத் திரை விலக்கிக் காட்டியது 2017 நவம்பரில். முதல் வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2022 டிசம்பரில். நிகோலா நிறுவனத்தின் கதை இன்னும் தூரம் போகும். 2018இல் அவர்கள் வெளியிட்ட வீடியோவில் சாலையில் விரைந்த ஹைட்ரஜன் லாரி, சொந்த சக்தியில் ஓடவில்லை. சரிவில் உருண்டு வந்ததைத்தான் படம் எடுத்திருந்தார்கள். 2020இல் நிறுவனமே அதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2025 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு டைம்லர், நிரப்பு நிலையங்கள் வரும் வேகம் போதாது என்று தன் ஹைட்ரஜன் லாரியின் பெருமளவு உற்பத்தியை 2030களின் தொடக்கத்துக்குத் தள்ளிவைத்தது. நிகோலாவில் நடந்தது ஏமாற்று, டைம்லரில் நடந்தது தொழில் முடிவு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'ஹைட்ரஜன் தோற்றது' என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

அறிக்கையின் முதல் பக்கத்துக்கு முன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்: யார் காசு கொடுத்தார்கள், எந்த ஆண்டு விலை. ஹைட்ரஜன் கவுன்சில் என்பது தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு. டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் என்பது சுற்றுச்சூழல் பிரச்சார அமைப்பு. இரண்டிலும் நல்ல கணக்குகள் உண்டு, இரண்டுக்கும் ஒரு சாய்வும் உண்டு. ஐசிசிடி, ஃபிரௌன்ஹோஃபர் ஐஎஸ்ஐ போன்ற ஆய்வு நிறுவனங்கள் தங்கள் அனுமானங்களை அட்டவணையாகத் தருவதால் சரிபார்க்க எளிது. ஆண்டு முக்கியம் என்பதற்குக் காரணம் பேட்டரி விலை. எரிசக்திச் சந்தையை ஆராயும் புளூம்பெர்க்என்இஎஃப் நிறுவனத்தின் கணக்கெடுப்பில் 2024இன் உலகச் சராசரி யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர். பத்து ஆண்டு பழைய அறிக்கை இதைவிடப் பல மடங்கை வைத்துக்கொண்டு, பேட்டரி கட்டுப்படியாகாது என்று முடித்திருக்கும். அந்த அறிக்கையின் கணக்குத் தப்பில்லை, விலைதான் காலாவதி.

8. முதல் பயிற்சி: சென்னை பெங்களூரு

சுமார் 350 கி.மீ., 55 டன், 1.5 யூனிட் வீதம் 525 யூனிட். மேலே சொன்ன ஏற்றத்துக்கு 135ஐத் தனியே சேருங்கள். போகும்போது 660, வரும்போது அதைவிட நன்றாகவே குறைவு. இதே வண்டியை டீசலில் ஓட்டுபவர் மைலேஜ் மூன்று என்பார். அப்படியானால் போக மட்டும் 117 லிட்டர். பிறகு ஓட்டுபவர்களிடம் போய்க் கேளுங்கள். மூன்று என்று சொன்னது லோடோடு போகும்போதா, போகவர சேர்த்தா? பெங்களூரில் இறக்கக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு, அந்த இடத்தில் உயர் அழுத்த மின் இணைப்பு உண்டா? ரிட்டர்ன் லோடு கிடைக்க எத்தனை நாள்? பெர்மிட் எடைக்கு மேல் ஏற்றுவதுண்டா? கடைசிக் கேள்விக்கு ஆபீஸில் ஒரு பதிலும் டீக்கடையில் வேறு பதிலும் வரும். டீக்கடைப் பதிலையும் தனி வரியில் போட்டுக் கணக்கை ஓட்டுங்கள்.

எல்லாம் தாளில் ஏறிய பிறகு, ஒவ்வொரு எண்ணையும் இருபது சதவீதம் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். பெரும்பாலான எண்களை அசைத்தால் விடை அசையாது. இரண்டோ மூன்றோ மட்டும் விடையைப் புரட்டிப்போடும். பெங்களூரில் காத்திருக்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்ற முடியுமா என்பது அவற்றில் ஒன்றாக இருக்கும் என்பது என் ஊகம். அந்த இரண்டு மூன்று கட்டங்களுக்கு மஞ்சள் நிறம் அடித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றை மட்டும் புதுப்பித்தால் போதும்.